‘இக்ரீஜஸ்’: ஒரு கடினமான ஆங்கிலப் பெயரடையை எந்த வழியில் கற்பது?

ஆங்கிலம் கற்கும் இருவரின் பயிற்சித் தாள்களை ஒரே நாளில் திருத்த நேர்ந்தது. இருவரும் ‘இக்ரீஜஸ்’ என்ற பெயரடையைப் புதிதாகப் படித்திருந்தார்கள். ஒருவர் தன் ஆசிரியரைப் புகழ நினைத்து, அவர் ஓர் ‘இக்ரீஜஸ் டீச்சர்’ என்று எழுதியிருந்தார். இன்னொருவர், விடாத மழையில் வெளியே போக முடியவில்லை என்று சொல்ல ‘இக்ரீஜஸ் வெதர்’ என்று எழுதியிருந்தார். இரண்டுமே பொருந்தாதவை. ஆனால் இருவரும் உழைத்துத்தான் படித்திருந்தார்கள். முதலாமவர் சொல்லின் வேரையே தேடிப் பிடித்திருந்தார்: மந்தையிலிருந்து தனித்து நிற்பது என்பது அதன் லத்தீன் பொருள். இரண்டாமவர் அகராதியில் ‘மிக மோசமான’ என்று பார்த்து மனப்பாடம் செய்திருந்தார். படித்த செய்தி இருவருக்கும் சரிதான். தேர்ந்தெடுத்த வழிதான் அவர்களைக் கைவிட்டது.

அதிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. இப்படி ஒரு உயர்நிலைப் பெயரடை எதிர்ப்பட்டால் அதைக் கற்க நம் முன்னால் குறைந்தது ஏழு வழிகள் இருக்கின்றன. ஆங்கிலம்–தமிழ் அகராதி, ஆங்கிலம்–ஆங்கில அகராதி, சொல்லின் வேர், கூட வரும் சொற்கள், நிறைய வாசிப்பது, ஃபிளாஷ் கார்டு, இப்போது ஏஐ உரையாடல் செயலி. எல்லாவற்றையும் ஒரே சொல்லின் மீது வைத்துப் பார்த்தால்தான் எது எங்கே உதவுகிறது, எங்கே ஏமாற்றுகிறது என்பது தெரியும்.

முதலில் சொல்லை முழுதாக அறிமுகப்படுத்திவிடுகிறேன். எழுத்துக்கூட்டினால் இ, ஜி, ஆர், இ, ஜி, ஐ, ஓ, யு, எஸ். சொல்லிப் பார்த்தால் இக்-ரீ-ஜஸ். அழுத்தம் நடு அசையில். முதல் ஜி-க்கு ‘க’வை ஒட்டிய ஒலி, இரண்டாவது ஜி-க்கு ‘ஜ’. இன்றைய பொருள், பார்த்தவுடன் கண்ணை உறுத்தும் அளவுக்கு மோசமான என்பது. தலையங்கம், தீர்ப்பு, அறிக்கை, கட்டுரை போன்ற எழுத்தில் அடிக்கடி வரும். சாதாரணப் பேச்சில் குறைவு.

இன்னொன்றையும் இப்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும். இந்தச் சொல்லைப் படிக்கும்போது புரிந்தால் போதுமா, அல்லது நாமே எழுத வேண்டுமா? புரிவதற்கு ஒரு நிமிட வேலை போதும். எழுதுவதற்கு அது போதாது. எந்த வழி நல்லது என்ற விவாதங்களில் பெரும்பாலும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

தமிழ்ப் பொருள் பார்ப்பது

எல்லோரும் முதலில் செய்வது இதைத்தான், அதில் தவறும் இல்லை. வாசித்துக்கொண்டிருக்கும்போது சட்டென்று ஒரு பொருள் கிடைக்கிறது, வாசிப்பு தடைப்படுவதில்லை. ‘நாற்காலி’, ‘நுரையீரல்’ போன்ற பெயர்ச்சொற்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. பொருள் ஒன்று, பெயர் இரண்டு, அவ்வளவுதான்.

பெயரடையில் கதை வேறு. தமிழில் ஒரு பெயர்ச்சொல்லோடு ‘ஆன’ சேர்த்தால் பெரும்பாலும் ஒரு பெயரடை வந்துவிடும்: மோசமான, கேவலமான, பயங்கரமான. அகராதி தொகுப்பவருக்கும் அது வசதி, ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு ஐந்தாறு ‘ஆன’ சொற்களை வரிசையாக அடுக்கிவிடலாம். படிப்பவர் அதில் முதலாவதை எடுத்துக்கொள்வார். அந்தத் தமிழ்ச் சொல் எங்கெல்லாம் போகுமோ, அங்கெல்லாம் ஆங்கிலச் சொல்லும் போகும் என்று மனம் தானாக எடுத்துக்கொள்ளும். ‘மிக மோசமான வானிலை’ நல்ல தமிழ். அந்த மாணவர் ‘இக்ரீஜஸ் வெதர்’ என்று எழுதியது இப்படித்தான்.

சரி, கொஞ்சம் நெருங்கிய தமிழ்ச் சொல்லைத் தேடுவோம். எனக்கு முதலில் தோன்றியது ‘அப்பட்டமான’. அப்பட்டமான தவறு, அப்பட்டமான விதிமீறல் என்று சொல்லிப் பாருங்கள். ‘இக்ரீஜஸ் எரர்’, ‘இக்ரீஜஸ் வயலேஷன்’ இரண்டுக்கும் அச்சாகப் பொருந்துவது போல இருக்கிறது. நானும் நீண்ட நாள் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். பிறகு ஒருநாள் ‘அப்பட்டமான உண்மை’ என்ற தொடரைப் படித்தபோது நின்றுவிட்டேன். தமிழில் பொய்யும் அப்பட்டமாக இருக்கும், உண்மையும் அப்பட்டமாக இருக்கும். ஆங்கிலத்தில் ‘இக்ரீஜஸ் ட்ரூத்’ என்று யாரும் எழுதுவதில்லை. ஏனென்றால் ‘அப்பட்டமான’ என்பதன் மையம் மூடிமறைக்காமை. ‘இக்ரீஜஸ்’ என்பதன் மையம் மோசத்தின் அளவு. மூடிமறைக்காமை என்ற பக்கத்தில் அப்பட்டத்துக்கு நெருக்கமான ஆங்கிலச் சொல் ‘பிளேட்டன்ட்’ என்பது.

இரண்டு சொற்களும் ஓரிடத்தில் சந்தித்துக்கொள்கின்றன, மற்ற இடங்களில் வேறு வேறு திசையில் போகின்றன. பெயரடைகளுக்கு இடையே பெரும்பாலும் இப்படிப்பட்ட உறவுதான். சந்திக்கும் இடத்தை அகராதி காட்டும். பிரியும் இடத்தை ஒற்றைச் சொல் பொருளால் காட்ட முடியாது.

இன்னொரு சிறு விஷயம், இலக்கணம் பற்றியது. தமிழில் பெயரடை எப்போதும் பெயருக்கு முன்னால்தான் வரும். ‘நல்ல பையன்’ என்போம். பின்னால் கொண்டுபோனால் ‘பையன் நல்லவன்’ என்று சொல்லே மாறிவிடும். ஆங்கிலத்தில் அதே வடிவம் இரண்டு இடத்திலும் நிற்கும். எல்லாப் பெயரடைக்கும் இரண்டு இடமும் ஒரே அளவு இயல்பு என்று சொல்ல முடியாது. சில முன்னால் மட்டுமே வரும், சில பின்னால் மட்டுமே வரும். ‘அஸ்லீப்’ என்பதைப் பெயருக்கு முன்னால் வைக்க முடியாது. தமிழ்ப் பொருளை மட்டும் படித்தவருக்கு இது தெரிய வழியே இல்லை.

ஆங்கிலம்–ஆங்கிலம், ஆனால் எந்த அகராதி?

‘ஆங்கிலம்–ஆங்கில அகராதியைப் பார்’ என்று ஆசிரியர்கள் சொல்வது நல்ல அறிவுரை. ஆனால் பாதிதான் சொல்கிறார்கள். அகராதிகளில் இரண்டு இனம் உண்டு. ஒன்று ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கானது. இன்னொன்று நம்மைப் போல வெளியிலிருந்து கற்பவர்களுக்கானது.

முதல் இனத்தில் ‘இக்ரீஜஸ்’ தேடினால் ‘கான்ஸ்பிக்யுவஸ்’ போன்ற இன்னொரு கடினமான சொல்லால் விளக்கம் வரும். அதைத் தேடினால் வேறொன்று. கூடவே, ‘மிகச் சிறந்த’ என்ற வழக்கொழிந்த பழைய பொருளும் ஒரு மூலையில் நிற்கும். அது பழையது என்று பக்கத்திலேயே ஒரு குறிப்பும் இருக்கும், அவசரத்தில் அதைத் தவறவிடுவது எளிது.

கற்பவர் அகராதி என்ற இனம் பிறந்த கதை எனக்குப் பிடித்தமானது. ஏ. எஸ். ஹார்ன்பி என்ற ஆங்கில ஆசிரியர் ஜப்பானில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அங்கே அவரும் இரண்டு சகாக்களும் சேர்ந்து தொகுத்த அகராதி 1942-ல் ஜப்பானில் வெளியானது. 1948-ல் ஆக்ஸ்ஃபோர்டு அதை மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. இன்று ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்ஷனரி என்று நாம் அறிவது அதன் தொடர்ச்சிதான். வேற்றுமொழிக்காரர் எங்கே இடறுகிறார் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்த ஒருவர் செய்த வேலை அது. 1978-ல் வந்த லாங்மேன் அகராதி இன்னொரு படி போய், எல்லா விளக்கங்களையும் ஏறத்தாழ 2,000 எளிய சொற்களுக்குள்ளேயே எழுதியது. 1987-ல் வந்த காலின்ஸ் கோபில்ட் முழு வாக்கியத்தில் விளக்கம் தரத் தொடங்கியது.

கற்பவர் அகராதி ஒன்றில் நம் சொல்லைத் தேடினால் நான்கு செய்திகள் ஒரே இடத்தில் கிடைக்கும். மிக எளிய பொருள் விளக்கம். எழுத்து நடைக்கு உரிய சொல் என்ற குறிப்பு. ஒரு எடுத்துக்காட்டு வாக்கியம். சொடுக்கிக் கேட்க உச்சரிப்பு. லாங்மேன் இதில் இன்னும் அழகாகச் செய்கிறது. தவறு, தோல்வி, சிக்கல் போன்றவை மிக மோசமாகவும் கண்ணில் படும்படியும் இருந்தால் அப்படிச் சொல்வார்கள் என்ற வகையில் அதன் விளக்கம் போகிறது. பொருளைச் சொல்லும்போதே எந்தப் பெயர்ச்சொற்களோடு வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. ‘வானிலை’ அந்தப் பட்டியலில் இல்லை என்பதை அந்த மாணவர் அங்கேயே பார்த்திருப்பார்.

ஒரு அகராதியை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் கற்பவர் அகராதியைத்தான் சொல்வேன். தயக்கமே இல்லை. ஒரு குறையும் உண்டு: எடுத்துக்காட்டு ஒன்றோ இரண்டோதான் இருக்கும். ஒரு வாக்கியத்தை வைத்து ஒரு சொல்லின் குணத்தைக் கண்டுபிடிப்பது, ஒருவரை ஒருமுறை மட்டும் பார்த்துவிட்டு அவர் எப்படிப்பட்டவர் என்று முடிவு செய்வது போலத்தான்.

வேரைத் தேடுவது

இந்த வழியின் மீது எனக்குப் பெரிய ஆசை உண்டு. அதனால்தான் இதைப் பற்றிக் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது.

லத்தீனில் ‘க்ரெக்ஸ்’ என்றால் மந்தை. அதன் முன்னால் ‘வெளியே’ என்ற பொருள் தரும் முன்னொட்டு சேர்ந்து, மந்தையிலிருந்து வெளியே நிற்கிற, தனித்துத் தெரிகிற என்று ஆனது. அதே மந்தையிலிருந்து வந்தவைதான் கூட்டத்தை விரும்பும் குணத்தைச் சொல்லும் ‘கிரகேரியஸ்’, ஒன்றாகக் கூடுவதைச் சொல்லும் ‘காங்கிரிகேட்’, பிரித்து வைப்பதைச் சொல்லும் ‘செக்ரிகேட்’, மொத்தமாகச் சேர்ப்பதைச் சொல்லும் ‘அக்ரிகேட்’. ஒரு வேரைப் பிடித்தால் ஒரு குடும்பமே அறிமுகமாகிறது. நினைவில் நிற்க இதைவிட உறுதியான கொக்கி கிடையாது.

ஆனால் ஆங்கிலத்துக்கு வந்தபோது இந்தச் சொல்லுக்கு நல்ல பொருள்தான் இருந்தது: தலைசிறந்த, குறிப்பிடத்தக்க. பின்னர் ‘குறிப்பிடத்தக்க மோசம்’ என்ற பக்கம் சாய்ந்து, கடைசியில் அந்தப் பொருளே நிலைத்துவிட்டது. இத்தாலிய மொழியில் இதே வேரிலிருந்து வந்த ‘எக்ரேஜியோ’ இன்னும் மரியாதைச் சொல்லாகவே இருக்கிறது. முறையான கடிதங்களில் பெறுநரின் பெயருக்கு முன்னால் போடுவார்கள். ஒரே வேர், இரு மொழிகளில் நேர் எதிரான இரண்டு முடிவுகள்.

நமக்கு இது புதிதும் இல்லை. ‘நாற்றம்’ என்றால் ஒரு காலத்தில் நறுமணம். இன்று பூவின் மணத்தை யாராவது நாற்றம் என்று சொன்னால் எப்படி இருக்கும்? இழிபொருட்பேறு என்று இலக்கணத்தில் படித்திருப்போம். தமிழ் கற்கும் வெளிநாட்டவர் ஒருவர் வேர்ப்பொருளை மட்டும் நம்பி ‘உங்கள் வீட்டில் நல்ல நாற்றம்’ என்று பாராட்டினால் எப்படியோ, ‘இக்ரீஜஸ் டீச்சர்’ அப்படித்தான்.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். கவனமாக, நுணுக்கமாகச் செய்வதைப் பாராட்டும் ‘மெட்டிக்யுலஸ்’ என்ற சொல்லின் வேர் ‘மெட்டுஸ்’, அதாவது அச்சம். பயந்தவன் என்பதிலிருந்து, தவறிவிடுவோமோ என்று அளவுக்கு மீறிக் கவலைப்படுபவன் என்று ஆகி, இன்று நுணுக்கமானவர் என்ற புகழ்ச்சியாக நிற்கிறது. கள்ளுண்டு மகிழ்வதைக் குறித்த ‘களிப்பு’ வெறும் மகிழ்ச்சியாக உயர்ந்தது போல. வேரை வைத்து ஊகித்தால் ‘மெட்டிக்யுலஸ்’ என்பவரைக் கோழை என்று நினைத்துக்கொள்வோம்.

வேரே இல்லாத இடத்தில் வேரைக் காண்பது இன்னும் ஆபத்து. ‘நாய்சம்’ என்ற பெயரடையைப் பார்த்தால் ‘நாய்ஸ்’, அதாவது சத்தம் என்று தோன்றும். அதற்கும் சத்தத்துக்கும் தொடர்பே கிடையாது. தொல்லை தருவதைக் குறிக்கும் ‘அனாய்’ என்பதோடு உறவுள்ள சொல் அது. அருவருப்பான, குறிப்பாகத் துர்நாற்றம் வீசுகிற என்று பொருள். ‘அஃபிஷஸ்’ என்பதில் ‘அஃபிஷியல்’ தெரியும், ஆனால் தேவையில்லாமல் அதிகாரம் காட்டித் தலையிடும் ஆளைச் சொல்வது அது.

அதனால் நான் ஒரு வரிசையைக் கடைப்பிடிக்கிறேன். இன்றைய பொருளையும் பயன்பாட்டையும் உறுதி செய்த பிறகு மட்டும் வேரைப் பார்ப்பேன். அறிந்த சொல்லை நினைவில் அறைந்து வைக்க வேர் அருமையான ஆணி. அறியாத சொல்லுக்குப் பொருள் கண்டுபிடிக்க அதை நம்பக்கூடாது.

கூட வரும் சொற்கள்

பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது பெரியவர்கள் ‘சேர்க்கை சரியில்லை’ என்பார்கள். யாரோடு சுற்றுகிறான் என்று தெரிந்தால் ஆளைத் தெரிந்துகொள்ளலாம் என்ற கணக்கு. ஜே. ஆர். ஃபெர்த் என்ற பிரிட்டிஷ் மொழியியலாளர் 1957-ல் சொற்களைப் பற்றி இதையேதான் சொன்னார்: ஒரு சொல்லை அதன் சேர்க்கையை வைத்து அறிந்துகொள்ளலாம்.

அதை நேரில் பார்க்க இன்று வசதி இருக்கிறது. தரவகம் என்பது உண்மையான எழுத்தையும் பேச்சையும் கோடிக்கணக்கான சொற்கள் அளவுக்குத் திரட்டித் தேடும்படி வைத்த தொகுப்பு. பிரிட்டிஷ் நேஷனல் கார்பஸில் 10 கோடிச் சொற்கள் உள்ளன. கோகா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அமெரிக்க ஆங்கிலத் தரவகத்தில் 1990 முதல் 2019 வரையிலான 100 கோடிக்கும் மேற்பட்ட சொற்கள். பதிவு செய்துகொண்டால் ஓரளவு இலவசமாகவே தேடலாம்.

‘இக்ரீஜஸ்’ என்று போட்டு, அடுத்து வரும் பெயர்ச்சொற்கள் எவை என்று பாருங்கள். எரர், மிஸ்டேக், வயலேஷன், எக்ஸாம்பிள், கேஸ், கான்டக்ட், அப்யூஸ் ஆகியவை மீண்டும் மீண்டும் வரும். இப்போது அந்தப் பட்டியலைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்க்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் பொதுவானது என்ன? எல்லாவற்றிலும் ஒரு மனிதரோ ஒரு அமைப்போ இருக்கிறது. செய்திருக்கக் கூடாத ஒன்றைச் செய்திருக்கிறார்கள், அல்லது செய்யவேண்டியதைத் தவறவிட்டிருக்கிறார்கள். யாரோ மீறியதற்கு ஒரு விதியோ வரம்போ பின்னால் நிற்கிறது. அதாவது, ‘இக்ரீஜஸ்’ என்பதற்குள் ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. மழையின் மீது குற்றம் சுமத்த முடியாது. தலைவலியின் மீதும் முடியாது. அதனால்தான் ‘இக்ரீஜஸ் வெதர்’, ‘இக்ரீஜஸ் ஹெடேக்’ காதில் ஒட்டாமல் நிற்கின்றன. எந்த அகராதியும் இவ்வளவு விரிவாக இதை எனக்குச் சொன்னதில்லை. அந்தப் பெயர்ச்சொல் பட்டியல் சொன்னது.

‘எக்ஸாம்பிள்’ அந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். எடுத்துக்காட்டு தானாக நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. அதன் முன்னால் இந்தச் சொல் வந்தவுடன், இப்படிப்பட்ட முறைகேடுகளிலேயே மிகக் கேவலமானது என்று ஆகிவிடுகிறது. அந்த இடத்தில் ‘மோஸ்ட்’ அடிக்கடி முன்னால் வரும்: ‘தி மோஸ்ட் இக்ரீஜஸ் எக்ஸாம்பிள்’. ‘பர்டிகுலர்லி’ என்பதும் இயல்பாக வரும். ‘வெரி’ என்பது அவ்வளவு பொருந்தாது, சொல்லிலேயே ‘மிக’ இருக்கிறது. நாம் பழக்கதோஷத்தில் முதலில் சேர்ப்பது ‘வெரி’யைத்தான்.

தரவகத்தின் திரை முதல் பார்வையில் மிரட்டும். பழக ஒரு மாலை நேரம் பிடிக்கும். அது வேண்டாம் என்பவர்களுக்குச் சொற்சேர்க்கை அகராதிகள் உண்டு. அங்கே ஒரு சிக்கல்: ஆக்ஸ்ஃபோர்டின் சொற்சேர்க்கை அகராதியில் பெயரடையும் பெயரும் சேரும் தொடர்கள் பெயர்ச்சொல்லின் கீழ்தான் இருக்கும். ‘எரர்’ என்று தேடினால் அதற்கு முன்னால் வரும் பெயரடைகளைக் காட்டும். ‘இக்ரீஜஸ்’ என்று தேடி, பின்னால் என்ன வரும் என்று கேட்க முடியாது. எழுதிக்கொண்டிருக்கும்போது, இந்தப் பெயருக்கு நல்ல பெயரடை எது என்று தேடுபவருக்கு அது பொக்கிஷம். புதுப் பெயரடையைப் படிப்பவருக்குத் தரவகமே மேல்.

மற்ற மூன்றும்

நிறைய வாசித்தால் தானாக வந்துவிடும் என்பார்கள். அடிக்கடி வரும் சொற்களுக்கு அது உண்மை. உயர்நிலைப் பெயரடைகளுக்கு ஒரு தடை இருக்கிறது: அவை அரிதாகவே வரும். முதல் சந்திப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவே மறந்துவிடுகிறோம். தவிர, உதவியில்லாமல் வாசித்துப் புரிந்துகொள்ள ஒரு பக்கத்தில் நூற்றுக்கு 98 சொற்களாவது முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று ஹூ, நேஷன் என்ற இரு ஆய்வாளர்கள் 2000-ல் கணக்கிட்டுச் சொன்னார்கள். வாசிப்பை விட்டுவிடச் சொல்லவில்லை. வேறு வழியில் படித்த சொல்லை உறுதிப்படுத்த அதற்கு ஈடு எதுவும் கிடையாது. படித்த மறுவாரமே அந்தச் சொல் ஒரு கட்டுரையில் எதிரே வந்து நிற்கும்போது கிடைக்கும் சந்தோஷம் தனி.

ஃபிளாஷ் கார்டுகளின் பின்னால் உள்ள கருத்து பழையது, உறுதியானது. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885-லேயே தன்னையே சோதித்து, மறதி எப்படி வேகமாக வருகிறது, திரும்பப் படித்தால் எப்படித் தணிகிறது என்று எழுதினார். 1972-ல் செபாஸ்டியன் லைட்னர் அட்டைகளைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து, தெரிந்ததைத் தாமதமாகவும் தெரியாததை அடிக்கடியும் பார்க்கும் முறையைச் சொன்னார். 2006-ல் வந்த ‘அங்கி’ என்ற செயலியும் அது போன்றவையும் அந்தக் கணக்கைத் தாங்களே போட்டுக்கொள்கின்றன.

முறையில் குறை இல்லை, அட்டையில் நாம் எழுதுவதில்தான் இருக்கிறது. ஒரு பக்கம் ‘இக்ரீஜஸ்’, மறுபக்கம் ‘மிக மோசமான’ என்று எழுதினால், தவறான பாடத்தைத்தான் நூறு முறை ஒழுங்காகத் திரும்பப் படிக்கிறோம். நான் முன்பக்கத்தில் ‘ஆன் ______ எரர் ஆஃப் ஜட்ஜ்மென்ட்’ என்று கோடிட்ட இடம் வைத்து, முதல் எழுத்தை மட்டும் கொடுத்துவிடுவேன். பின்பக்கத்தில் முழுத் தொடர். சொல்லும் துணையும் சேர்ந்தே நினைவில் ஏறும். முன்னால் ‘எ’ இல்லை, ‘ஆன்’தான் வரவேண்டும் என்பதும் கூடவே வந்துவிடும்.

ஏஐ செயலிகளைக் கேட்பது இன்று பலருக்கும் முதல் வழியாகிவிட்டது. நிமிடத்தில் பத்து வாக்கியம் கொடுக்கும், ‘பிளேட்டன்ட்’ என்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால் பொறுமையாக விளக்கும். ஒரு அகராதியால் செய்ய முடியாத ஒன்றையும் செய்யும்: நம் வாக்கியத்தைத் திருத்தும். அதற்காக மட்டுமே அதைப் பயன்படுத்தலாம் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் கேட்கும் விதத்தில் கவனம் வேண்டும். ‘இது சரிதானே?’ என்று கேட்டால் தலையாட்டிவிடும் ஆபத்து இருக்கிறது. மூன்று வாக்கியங்களைக் கொடுத்து, எது இயல்பாக இல்லை, ஏன் என்று கேளுங்கள். தவறு என்று உங்களுக்கே உறுதியாகத் தெரிந்த ஒன்றை நடுவில் வையுங்கள். அதைக் கண்டுபிடிக்கிறதா என்று பார்த்தால், மற்றவற்றைப் பற்றி அது சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரிந்துவிடும். பொருள் பற்றிய சந்தேகம் வந்தால் கற்பவர் அகராதிக்கே திரும்பி வந்து சரிபார்ப்பது நல்லது.

யாருக்கு எது

வாசிக்கும்போது புரிந்தால் போதும் என்பவர், கற்பவர் அகராதியை ஒரு முறை பார்த்துவிட்டு வாசிப்பைத் தொடரலாம். அட்டையும் வேண்டாம், தரவகமும் வேண்டாம். எதிர்ப்படும் எல்லா அரிய சொற்களையும் எழுதும் அளவுக்குக் கற்க வேண்டும் என்று நினைப்பதுதான் பலரைச் சோர்வடைய வைக்கிறது. என் கணக்கில், பார்க்கும் பத்து அரிய பெயரடைகளில் ஒன்றோ இரண்டோ மட்டுமே முழு உழைப்புக்குத் தகுதியானவை. சில வாரங்களுக்குள் இரண்டாவது முறை கண்ணில் பட்டால், அதை எடுத்துக்கொள்வேன்.

தேர்வுக்குப் படிப்பவரின் நிலை வேறு. சொற்பட்டியலை ஒற்றைச் சொல் பொருளோடு உருப்போடும் பழக்கம், எதிர்ச்சொல் கேட்கும் தேர்வுகளின் காலத்தில் வேரூன்றியது. வெளிநாட்டு மேற்படிப்புக்காகப் பலர் எழுதும் ஜிஆர்இ தேர்வில் எதிர்ச்சொல் வினாக்களும் ஒப்புமை வினாக்களும் 2011-லேயே நீக்கப்பட்டன. இப்போது வாக்கியத்தில் கோடிட்ட இடத்தை நிரப்ப வேண்டும். ஒரு வகை வினாவில் ஆறு சொற்களிலிருந்து, வாக்கியத்துக்கு ஒரே பொருளைத் தரும் இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியல் பெரியது, நாள் குறைவு என்பதால் தரவகத்தில் உட்கார முடியாது. கற்பவர் அகராதியிலிருந்து ஒரு தொடரை எடுத்து, கோடிட்ட இடம் வைத்த அட்டை செய்து, அதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதுதான் பொருத்தம். புகழ்ச்சியா, கண்டனமா என்பதை அட்டையின் மூலையில் ஒரு கூட்டல் குறியாலோ கழித்தல் குறியாலோ குறித்துக்கொண்டால், ‘இக்ரீஜஸ் டீச்சர்’ வகைத் தவறு நேராது.

சொந்தமாக எழுத வேண்டியவர்தான் எல்லாவற்றிலும் அதிக நேரம் செலவிட வேண்டும். அவருக்கு என் வரிசை இது: முதலில் கற்பவர் அகராதி, அடுத்து தரவகத்தில் பெயர்ச்சொல் பட்டியல், அதிலிருந்து மூன்று தொடர்களை எடுத்து எழுதுவது, சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதி யாரிடமாவது அல்லது ஏஐ செயலியிடம் காட்டுவது. அப்புறம் வேர். எல்லாவற்றுக்கும் கடைசியாகத் தமிழ்.

தமிழைக் கடைசியில் வைப்பதற்குக் காரணத்தை இன்னொரு சொல்லால் காட்டுகிறேன். ‘பெர்ஃபங்க்டரி’ என்று ஒரு பெயரடை. தமிழ்ப் பொருளாக ‘அக்கறையற்ற’ என்று எடுத்துக்கொண்டால், அக்கறையற்ற தந்தை, அக்கறையற்ற மாணவர் என்றெல்லாம் மனம் ஓடும். தரவகத்தில் தேடினால் அதோடு வருபவை நாட், ஸ்மைல், கிஸ், இன்ஸ்பெக்ஷன். ஒரு தலையசைப்பு, ஒரு சிரிப்பு, ஒரு முத்தம், ஒரு சோதனை. இது ஆளைப் பற்றிய சொல் என்பதைவிட ஒரு செயலைப் பற்றிய சொல். அந்தச் செயலும் ஒரு நொடியில் முடிந்துவிடக்கூடியது, செய்தாக வேண்டுமே என்பதற்காகச் செய்தது. அந்தத் தொடர்களை வரிசையாகப் படித்துக்கொண்டு வரும்போதே உள்ளிருந்து தமிழ்ச் சொல் எழுந்து வந்தது: ஒப்புக்கு. ஒப்புக்குத் தலையாட்டினான், ஒப்புக்குச் சிரித்தாள், ஒப்புக்குச் சோதித்துவிட்டு அனுப்பினார்கள். ஆங்கிலத்தில் அது பெயரடை, தமிழில் இது வினையோடு சேர்கிறது. அதனால் எந்த அகராதித் தொகுப்பாளரும் இதை நேர்ப்பொருளாகப் போடத் தயங்குவார். என் குறிப்பேட்டில் அந்தப் பக்கத்தில் மூன்று ஆங்கிலத் தொடர்களுக்குக் கீழே இந்த ஒரு சொல்தான் இருக்கிறது.